கொழிஞ்சாம்பாறை காது: பாட்டுக் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் மூன்று புது ஆல்பங்களைப் பற்றி எழுதிவிட்டு, எதற்கும் மார்க் போடாமல் விட்டேன். அதற்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் 1986 முதல் 2003 வரை கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டால் பொள்ளாச்சியில் கண் விழிக்கிற ஊர்.

கே: ஆல்பம் விமர்சனத்துக்கு ஏன் ஸ்டார், மார்க் எதுவும் போடுவதில்லை? கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு எண்ணில் சொன்னால் போதாதா?
– ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், பொள்ளாச்சி

ப: சார், கணக்கு வாத்தியார் கையில் மார்க் இல்லாத பேப்பரைக் கொடுத்தால் கோபம் வரத்தான் செய்யும். மார்க் போடுவது நமக்குப் புதுசும் இல்லை. ஆனந்த விகடன் சினிமாவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போட்டதை எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் மாதிரி பார்த்த தலைமுறை நாம். '16 வயதினிலே'வுக்கு 62½. அந்த அரை மார்க்கை எந்தக் காட்சிக்குக் கொடுத்தார்கள் என்று, படம் வந்து பத்து வருஷம் கழித்தும் என் கடைத் திண்ணையில் வாதம் நடந்தது.

அமெரிக்காவில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் என்ற விமர்சகர் 1969-லிருந்து ஆல்பங்களுக்கு ஏ, பி, சி என்று கிரேடு போட்டார். பிட்ச்ஃபோர்க் என்ற பத்திரிகை ஒரு படி மேலே போய் பத்துக்கு 8.3, 8.4 என்று புள்ளி வைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தங்கம் நிறுக்கிற தராசில் தேங்காயை வைத்த கதை. 2006-ல் ஜெட் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவின் ஆல்பத்துக்கு அதே பத்திரிகை 0.0 போட்டது. விமர்சனம் என்று ஒரு வரி கிடையாது. ஒரு குரங்கு தன் மூத்திரத்தைத் தானே குடிக்கிற வீடியோ மட்டும். சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆல்பத்தில் கிதார் எப்படி, பாடியவர் எப்படி, ஒன்றும் தெரியவில்லை.

இந்த மார்க்கையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் மெட்டாக்ரிட்டிக் என்ற இணையதளக்காரர்கள் நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுக்கிறார்கள். ஏ மைனஸ் என்றால் 91, பி பிளஸ் என்றால் 83. கிரேடு போட்ட மனுஷனுக்கே நடுவில் எட்டு மார்க் போனது தெரியாது.

என் கடையில் ஒரு நீள நோட்டு இருந்தது. பதிவுக்கு வருகிறவர் எந்தப் பாட்டைக் கேட்கிறாரோ அதன் நேரே ஒரு டிக். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு குத்துப்பாட்டுக்கு ஒரே மாதத்தில் பக்கம் முழுக்க டிக். அதை ஏ சைடில் போட்டுக் கொடுத்த ஒரு கேசட்டில், பி சைடில் இடம் நிரப்ப நானாக ஒரு தாலாட்டைச் சேர்த்திருந்தேன். அந்தத் தாலாட்டை யாரும் பேர் சொல்லிக் கேட்டதில்லை. நோட்டில் அதற்கு ஒரு டிக்கூட இல்லை. மூன்று வருஷம் கழித்து, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தோப்பில் கள்ளு இறக்குகிற ஒருத்தர் அந்தக் கேசட்டோடு வந்தார். "இந்த ஒரு பாட்டு மட்டும் கரகரங்குது, மறுபடி ஏத்திக் குடுங்க" என்றார். டெக்கில் போட்டேன். குத்துப்பாட்டு நேற்றுப் பதிந்தது மாதிரி பளிச்சென்று இருந்தது. தாலாட்டு இருந்த இடத்தில் நாடா தேய்ந்து வெளுத்து, ஓரம் சுருண்டு கிடந்தது. நாலு நிமிஷப் பாட்டுக்குப் பதினோரு மீட்டர் நாடா. அந்தப் பதினோரு மீட்டரை மட்டும் மூன்று வருஷம் ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்டிருக்கிறார். பாவம், அதற்கு நேர் மறுபக்கம் இருந்த ஏ சைடுப் பாட்டும் சேர்ந்து போயிருந்தது.

எது தேயும் என்று ஆல்பம் வந்த முதல் வாரத்தில் எனக்குத் தெரியாது சார். பிட்ச்ஃபோர்க்குக்கும் தெரியாது. கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேளுங்கள். இப்போது காசா பணமா.

கே: ஜனவரி இதழில் ஒரு தமிழ் ராப் ஆல்பத்தை "உப்பில்லாத கஞ்சி" என்றீர்கள். மார்ச்சில் அதையே தூக்கி வைத்து எழுதினீர்கள். நடுவில் யாராவது கவனித்தார்களா?
– கல்லூரி மாணவர், கோவை

ப: தம்பி, கவனித்திருந்தால் முதலில் நல்ல ஸ்பீக்கர் வாங்கியிருப்பேன். இந்தத் தப்பே நடந்திருக்காது.

நடந்தது இது. டிசம்பரில் என் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேருக்குப் போயிருந்தது. இதழ் முடிக்க இரண்டு நாள்தான் பாக்கி. அந்த ஆல்பத்தை ஃபோனில், ஸ்பீக்கரை எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்துக் கேட்டு எழுதினேன். ஃபோன் ஸ்பீக்கர் விரல் நகம் அளவு. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக ஒன்றும் வராது. ராப் பாட்டின் பாஸ் உட்கார்ந்திருப்பதோ 40, 50 ஹெர்ட்ஸில். ஆக, நான் கேட்டது பாதிப் பாட்டு. கஞ்சியில் உப்பு இருந்தது. என் டம்ளரில்தான் விழவில்லை.

பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போய்விட்டு பிரைவேட் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கடைசி சீட்டுக்குக் கீழே சப்வூஃபர் வைத்த பஸ். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டி நின்றதும் எஞ்சின் சத்தம் அடங்கியது. அதே ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு ஓடியது. பாடுகிற பையன் மூச்சு விடுகிற இடத்தில் அடியிலிருந்து ஒரு பாஸ் எழுந்து வந்து, அவன் விட்ட வார்த்தையைத் தான் சொல்லி முடித்தது. சீட்டில் வைத்திருந்த தாம்பூலப் பைக்குள் தேங்காய் கடகடவென்று ஆடியது. அவன் வரிகளை ஏன் குட்டையாக எழுதினான் என்று அப்போதுதான் புரிந்தது. மிச்சத்தைப் பாஸிடம் விட்டிருக்கிறான். மார்ச் இதழில் அதைத்தான் எழுதினேன். ஜனவரியில் எழுதியது தப்பு என்றும் அதிலேயே சொல்லியிருந்தேன்; நீங்கள் அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டீர்கள் போலிருக்கிறது.

கருத்து மாறுவது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. லெட் செப்பலின் என்ற ஆங்கில ராக் குழுவின் முதல் ஆல்பம் 1969-ல் வந்தபோது ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதை மதிக்கவில்லை. 2003-ல் அதே பத்திரிகை போட்ட தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் அது 29-ஆம் இடம். பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' 1967-ல் வந்தபோது நியூயார்க் டைம்ஸில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டைன் குறை சொல்லி எழுதினார். வாசகர்களின் கோபக் கடிதங்கள் குவிந்தன. 2003 பட்டியலில் அதற்கு முதலிடம். சரி, கோல்ட்ஸ்டைன் தோற்றார் என்று கதையை முடித்துவிடாதீர்கள். 2020-ல் பட்டியலைத் திருத்தியபோது அது 24-க்கு இறங்கியது. பட்டியலும் மனுஷன் போடுவதுதான்.

கே: உங்களுக்குப் பாடத் தெரியுமா?
– பெயர் எழுதாத வாசகர், உடுமலை

ப: தெரியாது. என் வீட்டுக் குளியலறை மோட்டார் ரூமை ஒட்டி இருக்கிறது. அப்படிக் கட்டச் சொன்னது வீட்டம்மா.

கே: ராப், ராக், கானா, மலையாள பேண்ட், கர்நாடகம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்? என்னால் கர்நாடகத்தைத் தவிர மற்றதைப் பற்றி வாயைத் திறக்க முடியாது.
– இசை ஆசிரியை, பாலக்காடு

ப: டீச்சர், செம்பை பாகவதர் வாழ்ந்த மண்ணிலிருந்து கேட்கிறீர்கள், பயந்துகொண்டேதான் பதில் எழுதுகிறேன். கல்கி 'கர்நாடகம்' என்று பேர் வைத்துக்கொண்டு கச்சேரிகளை எழுதினார். சுப்புடு பேனாவை எடுத்தால் வித்வான்களுக்கே வயிற்றைக் கலக்கும். இரண்டு பேரும் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டுக்குள் நின்று பேசினார்கள். எந்த அறையில் எது இருக்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம். எனக்கு அந்த வசதி இல்லை. நான் கடைக்காரன், வாசலில் நின்று யார் வந்தாலும் "வாங்க" என்றவன்.

அதனால் முதலில் ஒன்றே ஒன்று பார்ப்பேன்: இந்த ஆல்பம் என்ன செய்ய வந்திருக்கிறது? கானா ஆல்பத்தில் ராகம் சுத்தமாக இல்லை என்று எழுதுகிறவர், பரோட்டாக் கடையில் போய் இட்லி ஏன் மெத்தென்று இல்லை என்று கேட்கிறவர்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பாடுகிறவர்களே வேலியைத் தாண்டும்போது. 2024-ல் அமெரிக்கப் பாடகி பியான்ஸே 'கௌபாய் கார்ட்டர்' என்று ஒரு ஆல்பம் போட்டார். பாஞ்சோ, ஃபிடில் எல்லாம் வருகிறது. அமெரிக்கக் கிராமத்துக் கன்ட்ரி இசையின் வாசனை. ஆனால் இது கன்ட்ரி ஆல்பம் இல்லை, பியான்ஸே ஆல்பம் என்று அவரே அறிவித்துவிட்டார். அந்த வருஷக் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருதுக்கு அதற்கு ஒரு பரிந்துரைகூட வரவில்லை. சில மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், கிராமியில் சிறந்த கன்ட்ரி ஆல்பமும் அதுதான், அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பமும் அதுதான். ஒரே ஆல்பம், இரண்டு சபை. விமர்சகர்களில் பெரும்பாலோர் அதைக் கொண்டாடினார்கள். என் கணக்கில் அது கொஞ்சம் நீளம். 27 தடத்தில் நடுவில் ஒரு தூக்கம் போடலாம். ஆனால் எந்த டப்பாவில் போடுவது என்ற சண்டை எனக்கு முக்கியமில்லை. ஃபிடிலுக்கும் கைத்தட்டலுக்கும் நடுவில் அந்தக் குரலை எங்கே நிற்க வைத்தார்கள் என்பதைத்தான் காது தேடியது.

இன்னொன்று. 2025 ஜனவரியில் போர்ட்டோ ரிக்கோப் பாடகர் பேட் பன்னி ஒரு ஆல்பம் வெளியிட்டார். அவர் ஊர் பிளேனா என்ற கிராமியத் தாளத்தை உள்ளூர் இளம் கலைஞர்களை வைத்தே வாசித்திருக்கிறார்கள். பிளேனாவுக்கு அடிப்படை பந்தெரெத்தா என்ற கைப்பறை: சலங்கை இல்லாத கஞ்சிரா என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அளவில் இருக்கும். இரண்டு பெரிசும் தாளத்தைக் கட்டிப் பிடிக்க, சின்னது மட்டும் மேலே இஷ்டத்துக்கு ஓடும். எனக்கு இதில் ஞானம் கிடையாது என்பதால், எங்கள் ஊரில் தப்பு அடிக்கிற ஒரு பெரியவரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். ஸ்பானிஷ் ஒரு எழுத்துத் தெரியாது அவருக்கு. அரை நிமிஷம் கேட்டார். "சின்னது அடிக்கிறவன் கெட்டிக்காரன். பெரிசு ரெண்டும் அவனை நம்பி நிக்குது" என்றார். அந்த ஆல்பத்தைப் பற்றி நான் படித்த நீள நீளமான விமர்சனங்களில் இந்த வரி இல்லை. நான் எழுதிய விமர்சனத்தில் இருந்தது, அவரிடமிருந்து எடுத்தது. அவர் பேரைப் போடலாமா என்று கேட்டேன். "பேரெல்லாம் எதுக்கு, ஒரு டீ சொல்லு" என்றார்.

அதாவது டீச்சர், ஒரே ஆள் எழுதுவதில்லை. கையெழுத்து மட்டும்தான் ஒரே ஆள்.

கே: நீங்கள் மலையாளியா, தமிழரா? இரண்டு பக்க ஆல்பத்தையும் பாராட்டுகிறீர்களே!
– வாசகர், செங்கோட்டை

ப: சித்தூரில் கொங்கன் படை என்று ஒரு திருவிழா நடக்கிறது. படையெடுத்து வந்த கொங்கனைப் பகவதி அருளால் ஓட ஓட விரட்டியதன் நினைவு. அந்தத் தோற்றுப்போன கொங்கன் வகையறாதான் நாங்கள். தோற்றது நாங்களே என்றாலும், வருஷா வருஷம் போய் வெடி பார்த்துவிட்டு வருவோம்.

இந்த மண்ணில் இதெல்லாம் ஒரு விஷயமா? எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-ல் பிறந்தது பக்கத்து எலப்புள்ளியில். ஸ்வர்ணலதா சித்தூர்ப் பக்கத்துக்காரர்; 1994-ன் தேசிய விருதைத் தமிழ்ப் பாட்டுக்கு வாங்கினார். 2008-ல் அவியல் என்ற கேரள ராக் குழுவின் ஆல்பம் வந்தபோது மலையாள வரிக்குக் கிதார் ஒட்டுமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். நான் மலையாளப் போர்டைக் கூட்டி வாசிக்கிற ஆள், எனக்கே ஒட்டியது. பாஷை முழுக்கப் புரியாதபோது காது இன்னும் கொஞ்சம் கூர்மையாகிறது என்பது என் அனுபவம். ஆனால் வரிகளைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டுமென்றால் கொடுவாயூரிலிருக்கும் மச்சானுக்கு ஃபோன் போட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

கே: என் மகள் டெய்லர் ஸ்விஃப்ட் ரசிகை. நீங்கள் குறை எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பத்திரிகையைத் தொடவில்லை. ரசிகர்கள் உங்களைத் திட்டுவதில்லையா?
– வாசகி, திருப்பூர்

ப: பாப்பா தொடாமல் விட்டதோடு நின்றதே அம்மா, அதற்கு நன்றி சொல்லுங்கள். 2024 ஏப்ரலில் ஸ்விஃப்ட்டின் 'தி டார்ச்சர்ட் பொயட்ஸ் டிபார்ட்மென்ட்' வந்தபோது பேஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை கடுமையாக ஒரு விமர்சனம் போட்டது. எழுதியவர் பேர் போடவில்லை. 2019-ல் ஸ்விஃப்ட்டின் இன்னொரு ஆல்பத்தை விமர்சித்தவருக்கு மிரட்டல் வந்ததால், இந்த முறை எழுதியவரின் பாதுகாப்புக்காகப் பேரை மறைக்கிறோம் என்று பத்திரிகையே சொன்னது. பாட்டைப் பற்றி எழுதப் பேரை மறைக்கிற நிலைமை!

எங்களுக்கும் பழக்கம்தான். கடை நடத்தியபோது ஒரு நடிகரின் படக் கேசட்டை இன்னொரு நடிகரின் கேசட்டுக்குக் கீழ் வரிசையில் அடுக்கிவிட்டேன். மறுநாள் காலையில் ஷட்டர் பூட்டில் சாணி. கழுவிவிட்டு இரண்டையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தேன். அன்று சாயங்காலம் மற்றவருடைய மன்றத்துப் பையன்கள் வந்து, "அது எப்படி ரெண்டும் ஒண்ணாகும்?" என்றார்கள்.

கே: அதே ஆல்பத்தில் 31 பாட்டு என்கிறார்களே, அவ்வளவையும் விமர்சகர்கள் உண்மையிலேயே கேட்கிறார்களா? எதற்கு அத்தனை?
– மின்வாரிய ஊழியர், கம்பம்

ப: முதலில் 16 பாட்டு வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் 15. ராத்திரியோடு ராத்திரியாக விமர்சனம் எழுத உட்கார்ந்தவர்கள் பாடு அன்று திண்டாட்டம். முன்பெல்லாம் ஆல்பம் வருவதற்குச் சில வாரம் முன்னாலேயே விமர்சகருக்கு ஒரு பிரதி அனுப்புவார்கள், ஊறப்போட்டு எழுதலாம். 2013 டிசம்பரில் பியான்ஸே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஆல்பத்தை இறக்கினார். அதற்கப்புறம் பெரிய கைகள் பலரும் அதே வழி. விடிவதற்குள் எழுதிய விமர்சனத்தை நான் முழுசாக நம்புவதில்லை. அரைத்த மாவை அப்படியே ஊற்றிய தோசை அது.

எதற்கு அத்தனை என்பதற்குப் பதில், பாட்டை அடைத்து விற்கிற பெட்டியில் இருக்கிறது. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். பல தட்டுகளைப் போட்டோ ஆல்பம் மாதிரி உறை போட்டுக் கட்டி விற்றதால்தான் 'ஆல்பம்' என்ற பேரே வந்தது. 1948-ல் கொலம்பியா கம்பெனி எல்.பி. என்ற நீள இசைத்தட்டைக் கொண்டுவந்தது; பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல். 1982-ல் வந்த சி.டி.யில் 74 நிமிஷம். இப்போது பெட்டிக்கு அடியே இல்லை. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டாலே ஒரு கணக்கு. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலும் 2014 முதல் இந்தக் கேட்புகளைக் கூட்டி ஆல்பம் விற்பனையாகச் சேர்த்துக்கொள்கிறது. பத்துப் பாட்டு ஆல்பத்தை ஒரு ரசிகை ஒரு தடவை ஓட்டினால் பத்துக் கணக்கு. 31 பாட்டென்றால் 31. நீளமான முன்னிசையும் இதில்தான் அடிபடுகிறது. முப்பது வினாடிக்குள் குரல் வராவிட்டால் கேட்கிறவன் தள்ளிவிட்டுப் போய்விடுவானோ என்று பயம். நம் பழைய சினிமாப் பாட்டில் வயலின்கள் ஊர்வலம் போய் முடிந்த பிறகு பாடகர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வருவார். அந்த நிதானம் இன்று யாருக்கும் கட்டுப்படியாகாது.

31-ஐயும் நான் கேட்டேனா என்று கேட்பீர்கள். கேட்டேன், மூன்று தவணையில். இருபதுக்கு மேல் எது எந்தப் பாட்டு என்று குழம்பிவிட்டது. அதையும் விமர்சனத்தில் எழுதினேன். பாப்பாவின் கோபம் அதற்குத்தான்.

கே: 1991-ல் உங்கள் கடையில் பதிந்த கேசட் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பி சைடில் கடைசிப் பாட்டு, இரண்டாவது சரணத்தின் நடுவில் அறுந்துபோகிறது. முப்பது வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி: ஏன்?
– வாசகர், கோவிந்தாபுரம்

ப: அது 60 நிமிஷக் கேசட்டாக இருக்கும். பக்கத்துக்கு முப்பது நிமிஷம். நீங்கள் எழுதிக் கொடுத்த ஆறு பாட்டையும் கூட்டினால் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வந்திருக்கும். 90 நிமிஷக் கேசட்டில் போடலாம் என்றால் அதில் நாடா மெலிசு. உங்கள் ஊர் வெயிலில் ஜீப்பின் டேஷ்போர்டில் வைத்தால் ஒரே மாதத்தில் சுருண்டுவிடும். ஒரு பாட்டை எடுத்துவிடட்டுமா என்று உங்களைக் கேட்டிருக்க வேண்டும். ஓணச் சமயமாக இருந்திருக்கும். வரிசையில் பத்துப் பேர் நின்றிருப்பார்கள். நாடா தீர்கிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டிருப்பேன். தப்பு என்னுடையதுதான். இந்தப் பதிவு வேலையே சட்டப்படி தப்பு என்பது வேறு கதை.

டெக் இன்னும் வீட்டில் இருக்கிறது. பெல்ட் மட்டும் தளர்ந்துவிட்டது; கோவையிலிருந்து வரவழைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவதானால் கேசட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். எந்தப் பாட்டு என்று மட்டும் முன்கூட்டியே ஒரு கார்டு போட்டுவிடுங்கள், முழு நீளத்தில் தேடி வைக்கிறேன்.